எட்டு ஐம்பத்திரண்டு

சிவப்புப் பொத்தானை அழுத்தினால்
பதினோரு வகுப்பறைகளுக்கும்
முதலில் கேட்பது என் மூச்சு.
நான் அதற்குப் பிறகுதான்.

காலை வணக்கம், கார்மோடி உயர்நிலைப்பள்ளி.
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
ஏழாம் எண் பேருந்து இன்னும் வரவில்லை;
அதில் வருபவர்களுக்கு ஆப்சென்ட் போட வேண்டாம்.
ஓட்டுநர் மெர்ல் எங்கோ கோதுமை வயல்களின் நடுவே
எஞ்சினோடு பேசிக்கொண்டிருப்பார்,
கெஞ்சலா வசவா தெரியாது.

கர்லிங் பெண்கள் அணிக்கு மாவட்டத்தில் மூன்றாம் இடம்.
கைதட்டல் சுவரைத் தாண்டி வருகிறது.
அணித்தலைவி ஒலேனா ஹ்ரிங்கிவ்
இந்நேரம் மேசைக்குள் தலையை விட்டிருப்பாள்.
எத்தனை அணிகள் வந்தன என்று
தாளில் இல்லை.
நானும் சொல்லவில்லை.
நான்கு.

ஒரு திருத்தம்.
போன வார இதழில் ஜுன்மார் டகானாய்க்கு
அறிவியல் கண்காட்சிப் பரிசு என்று போட்டோம்.
பெயரில் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தோம்.
இரவெல்லாம் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துவிட்டு
அவன் அம்மா நேரே இங்கே வந்தார்,
பூட்ஸில் பனி உருகி என் கம்பளத்தில் ஓட,
எழுத்து இருக்க வேண்டிய இடத்தில்
விரலை வைத்தார்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
நான் பேனாவை எடுக்கும்வரை
விரலையும் எடுக்கவில்லை.

தொலைந்த பொருள்கள் பெட்டியில்
பல்லுக்கு மாட்டும் கம்பி ஒன்று, நீல டப்பாவில்.
வெட்கப்படாமல் வந்து வாங்கிக்கொள்ளவும்;
அதன் விலை உங்கள் அப்பாவுக்குத் தெரியும்.
ஒற்றைக் கையுறைகள் பதினேழு.
பதினேழும் இடது கை.
இந்த ஊரே வலது கையை மட்டும்
பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோகிறது.

ஆண்டுமலர்ப் பணம் வெள்ளிக்குள்.
வேதியியல் மறுதேர்வு இரண்டாம் மாடியில்
(நமக்கு இரண்டாம் மாடி கிடையாது,
யார் எழுதியது இதை?)
நூலகத்தில்.

பிறகு, ஜனவரி முழுவதும்
ஒரு நாள்கூட விடாமல் வந்தவர்:
ஒரே ஒருவர்.
லீஃப் ஸ்டென்ஸ்ருட், பதினொன்றாம் வகுப்பு.

தலைமையாசிரியர் ஓரத்தில் எழுதித் தந்திருந்தார்:
விடாமுயற்சி, முன்னுதாரணம், சேர்த்து வாசிக்கவும்.

எனக்குத் தெரிந்தது வேறு.
கிறிஸ்துமஸுக்கு முன்பே
அவன் வீட்டு ஹீட்டர் செத்துவிட்டது.
அப்பா சுரங்க முகாமில்; வந்தால் வருவார்.
ஏழு பத்துக்கே அவன் இங்கிருப்பான்,
கோப்பை அலமாரியின் கீழே
ரேடியேட்டரில் முதுகைச் சாய்த்து
வாழைப்பழம் உரித்தபடி.
ஏழே முக்காலுக்கு முன்
யாரும் உள்ளே வரக்கூடாது என்பதும்
இன்றைய தாளில் உண்டு. அதையும் வாசித்தேன்.
சமையலறைப் பக்கக் கதவுக்குச்
சாவி யாரிடம் இருக்கிறது என்று
தாளில் இல்லை.

நேற்று மேசைக்கு வந்து கேட்டான்:
"சான்றிதழில் காரணம் போடுவீர்களா?"
பெயர் மட்டும்தான் என்றேன்.
"அப்படியானால் சரி.
வீட்டுக்குத் தபாலில் அனுப்ப வேண்டாம்,
இங்கேயே இருக்கட்டும்."

ஆகவே பெயரை மட்டும் வாசித்தேன்.
முன்னுதாரணத்தை மடித்து
என் காப்பிக் கோப்பைக்கு அடியில் வைத்தேன்.
கைதட்டல் கொஞ்சம் தாமதமாக,
கொஞ்சம் கலைந்து வந்தது,
எதற்கு என்று தெரியாதவர்கள் தட்டுவதுபோல.
அதுவே போதும்.

பொத்தானை விட்டேன். எட்டு ஐம்பத்தாறு.
ஏழாம் எண் பேருந்து வாசலில்
ஒரு பக்கம் இழுத்தபடி வந்து நின்றது.

மூன்றரை மணிக்குப் பெட்டியை எண்ணினேன்.
பதினைந்து.
இடது கையுறை ஒன்றை
உள்வெளியாகத் திருப்பினால்
வலது கைக்கு ஆகும்;
பஞ்சு வெளியே தெரியும், அவ்வளவுதான்.

நாளைய தாளில்
எண்ணிக்கையை மாற்ற வேண்டும்.
பதினேழு என்றே தட்டச்சு செய்தேன்.