தென்மேற்கு ஓயும்போது

பாரமானி ஆயிரத்து இருபத்தாறில் நின்றது.
மூன்று நாளாய் மரினாவின் கம்பிகளையெல்லாம் ஊளையிட வைத்த தென்மேற்கு
பேச வந்ததை மறந்தவர் போலச்
சட்டென்று நிறுத்திக்கொண்டது.
டர்பனில் எல்லாப் படகும் காத்திருப்பது இதற்குத்தான்:
அடுத்த தென்மேற்கு எழுமுன்
ஈஸ்ட் லண்டன் போய்ச் சேர வேண்டும்.
இருநூற்றைம்பது கடல்மைல்.
நீரோட்டம் தயவு வைத்தால் ஒன்றரை நாள்.

நேற்று முழுக்கத் தாள்கள்.
படகுச் சங்கத்தில் ஒரு முத்திரை, சுங்கத்தில் ஒன்று,
குடிவரவில் மதிய உணவு முடியும்வரை ஒரு மரப்பெஞ்சு.
நீளம்? ஒன்பது மீட்டர்.
பெயர்? மிச்சம்.
அப்படியென்றால்? செலவு போக நின்றது.
கடைசித் துறைமுகம்? சால்வடார், பிரேசில்.
எத்தனை பேர்?
ஒருவர்.
பேனா நின்றது. ‘நீங்கள் மட்டுமா, மிஸஸ் கோவெண்டர்?’
அந்த மிஸஸும் இப்போது இல்லை என்று
சொல்லத் தோன்றி, விட்டுவிட்டேன்.
அதற்குத் தனிப் படிவம் இருக்கும்.

பதினோரு வருடம், இஸிப்பிங்கோ வீட்டின் பின்புறத்தில்
கட்டினோம், நானும் சத்தியசீலனும்.
ஒன்பதாம் வருடம் கல்யாணம் முடிந்துபோனது.
படகு முடியவில்லை.
வக்கீல் நோட்டீஸ் அனுப்பியவனே
சனிக்கிழமைதோறும் உப்புத்தாளோடு வந்து நின்றான்.
எபாக்ஸியைப் பற்றி மட்டும் பேசுவதென்று ஏற்பாடு.
வீடு அவனுக்கு, படகு எனக்கு.
வெளியே எடுக்க மதிலை இடிக்க வேண்டியிருந்தது.
அவன் மதில். அவனே இடித்தான்.

விடியுமுன் கயிறு அவிழ்க்க வந்தான்,
மழைக்கோட்டின் பொத்தான் ஒரு துளை தவறி.
ஏதோ வேடிக்கையாகச் சொல்லத் தொடங்கி
நடுவில் இருமினான்.
முன்கயிறு. பின்கயிறு.
கடைசிக் கயிற்றை வீசவில்லை,
சுருட்டிக் கையில் கொடுத்தான்.

‘மிட்சாம், மிட்சாம்’ என்றது துறைமுக வானொலி,
‘கார்க் கப்பல் வருகிறது, காத்திருங்கள்.’
ஜன்னலில்லாத ஒரு தெரு முழுவதும்
என்னைக் கடந்து போகும்வரை காத்திருந்தேன்.
பிறகு இரண்டு அலைதடுப்புகள், பிளஃப் குன்று,
வெளியே கடல் எழுந்து நின்றது.

இருநூறு மீட்டர் ஆழக் கோட்டில் நீர் நிறம் மாறியது.
படகின் வேகம் ஐந்து நாட் என்றது ஒரு கருவி,
ஒன்பது என்றது மற்றது.
அந்த நான்கு என்னுடையதல்ல, அகுல்யாஸ் நீரோட்டத்தினுடையது.
வந்த காற்றை வாடை என்று பதிவேட்டில் எழுதினேன்.
பூமியின் இந்தப் பாதியில் வாடை சுடும்.
அடித்தேன். வேறு சொல் வரவில்லை.
அதையே மறுபடி எழுதினேன்.

மதியம் வாந்தி. ஒரு ரஸ்க். மறுபடி வாந்தி.
டார்ச்சைப் பல்லில் கடித்து
அடித்தளத்து வால்வுகளைப் பார்க்க இறங்கினேன்.
ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலில் கட்டி
ஒரு மர அடைப்பான்,
குழாய் பிய்ந்தால் அறைந்து மூட.
நான் கட்டவில்லை.
இஞ்சினுக்கு ஒன்று, தொட்டிக்கு ஒன்று,
கழிப்பறைக்கு இரண்டு, வடிகாலுக்கு இரண்டு.
இந்தப் படகில் ஓட்டை ஆறுதான்.
அடைப்பான் ஏழு.

ஏழாவது இடப்பக்கம், ஓட்டையே இல்லாத இடத்தில்,
கொக்கியில் ஆடிக்கொண்டிருந்தது.
தடவிப் பார்த்தபின்தான் ஞாபகம் வந்தது:
ஆறாம் வருடம் அளவு தப்பி அவன் துளைத்த இடம்.
அன்று நான் கத்தியதில்
பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை நிறுத்தியது.
மறுநாள் ஐந்து அடுக்குக் கண்ணாடியிழை வைத்து
நானே மூடினேன்.
கல்லாக இருக்கிறது. ஒரு சொட்டுக் கசிவில்லை.
அவன் இன்னும் நம்பவில்லை.

அறுத்துவிடலாம், கத்தி இடுப்பில்தான் இருந்தது.
மேலே பாய் படபடத்தது.
காற்று இருபதைத் தாண்டிவிட்டது, சுருக்க வேண்டும்.
போனேன்.

இரவு, இருபது நிமிடத்துக்கொருமுறை எழுப்பும் மணிகளுக்கு நடுவே,
மரம் படகின் விலாவைத் தட்டிக்கொண்டிருந்தது:
டொக். டொக்டொக்.
அது நின்றபோதெல்லாம்
மணிக்கு முன்னமே விழித்துக்கொண்டேன்.