இறங்கிக்கொள்ளும் இடம்

சனிக்கிழமைதோறும் டைவாவின் காரில்
நியூரிக்குக் கிளம்புவோம், நான்கு பேர்.
சோப்புத்தூள் அங்கே மலிவு.
எல்லைக்குக் கொஞ்சம் முன்னால்
பெட்ரோல் பங்கில் நான் இறங்கிக்கொள்வேன்.

வேலி இல்லை, காவல் இல்லை.
வேகப் பலகையில் கிலோமீட்டர் மைலாகும்,
அவ்வளவுதான் எல்லை.
அவர்கள் லித்துவேனியக்காரிகள், போகலாம்.
நான் தாய்லாந்துக்காரி.
அயர்லாந்து கொடுத்த அட்டை
அந்தப் பலகைவரைதான் செல்லும்.
ஜன்னல் வழியே பட்டியலை நீட்டுவேன்:
மீன் சாஸ், பத்து கிலோ அரிசி, ப்ளீச்.
பிறகு ஒரு காப்பி,
இரண்டரை மணி நேரத்துக்கு.

மொனகனில், ஆறாம் எண் கூடாரத்தில்
காளான் பறிக்கிறேன்.
ஒரே நாளில் இரட்டிக்கிற ஜீவன் அது.
நேற்று பொத்தான், இன்று கிண்ணம்,
நாளைக்கு விலை போகாது.
காத்திருக்கத் தெரியாத பயிர்.

ஐந்து வருஷத்தை நாள் நாளாக எண்ணிப் போட்டேன்.
கணக்குத் திரை சொன்னது:
பதினோரு நாள் குறைகிறது.
பழைய அட்டை முடிந்து
புதியது கைக்கு வருமுன்
சந்தில் விழுந்த பதினோரு நாள்.
அந்த நாள்களில் இரண்டு டன் பறித்திருக்கிறேன்.
வரி பிடித்திருக்கிறார்கள்.
மழையில் சைக்கிள் சங்கிலி கழன்று
கையெல்லாம் மசகு.
ஆனால் நான் அயர்லாந்தில் இல்லையாம்.
எங்கே இருந்தேன் என்று
யாரைப் போய்க் கேட்பது?

அட்டைக்கு ஒவ்வொரு தடவையும் முந்நூறு யூரோ.
விண்ணப்பத்துக்கு நூற்று எழுபத்தைந்து,
கொடுத்தாலும் மறுத்தாலும் திரும்பாது.
நான் நான்தான் என்று சத்தியம் செய்ய
வழக்கறிஞர் மக்கார்டிலுக்கு இருபது.
அவள் ரேச்சல் என்று எழுதிவிட்டாள்,
பண்ணையில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.
ரச்சனீ, என்றேன். இரவு என்று அர்த்தம்.
அடித்துத் திருத்தினாள்.
திருத்திய இடத்திலும் ஒரு கையெழுத்து.

பிறகு சத்தமே இல்லை.
டிப்பரேரியில் ஓர் அலுவலகத்தில்
என் பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களும்,
வெற்றுப் பக்கங்கள் உட்பட,
கலர் நகலாகக் கிடந்தன.
கூடாரத்தில் பன்னிரண்டு முறை உரம் மாறியது.
கேட்டு எழுதினால் ஒரே பதில்:
பரிசீலனையில் உள்ளது.
பரிசீலனை என்ற சொல்லை
அவர்கள் மொழியில் பார்க்காமல் எழுதப் பழகினேன்.

மேற்பார்வை ஃபின்டன் ட்ரெய்னர் கேட்டான்,
மொத்தம் எவ்வளவு ஆகும்?
ஆயிரத்து நூற்று இருபத்தைந்து.
அடப்பாவமே, என்றான்,
எனக்கு அழுததுக்கே கொடுத்துவிட்டார்கள்.
சிரித்தேன்.
நானும் அழுதுகொண்டுதான் பிறந்தேன், ஃபின்டன்.
இடம் தப்பு.

போன செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது.
அமைச்சர் தீர்மானித்திருக்கிறார்.
தொள்ளாயிரத்து ஐம்பது கட்டினால் மேற்கொண்டு ஆகும்.
கணக்கில் அறுநூற்றுப் பத்து இருந்தது.
மீதிக்கு எத்தனை கிலோ என்று
விரல்கள் தாமாகவே எண்ணத் தொடங்கின.
அதட்டி நிறுத்தினேன்.

பதினேழு மாதத்தில் முதல் தடவையாக
அவர்கள் எனக்காகக் காத்திருக்கிறார்கள்.
ஒரு முழு அரசாங்கம்,
பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு.
இருக்கட்டும் கொஞ்சம்.
முட்டை பொரித்துச் சாப்பிட்டுவிட்டு
காலை நீட்டித் தூங்கினேன்.

இன்று சனி.
மீதியை டைவா கடனாகத் தருகிறேன் என்றாள்.
வேண்டாம் என்று சொல்லவில்லை,
சரி என்றும் வாய் வரவில்லை.
பங்க் வருகிறது, கார் மெதுவாகிறது.
கடிதம்தான் வந்துவிட்டதே, பேசாமல் உட்கார், என்கிறாள்.
அது பணம் கேட்டு வந்த கடிதம், டைவா.
பட்டியலை அவள் மடியில் போட்டுவிட்டு
கதவைச் சாத்துகிறேன்.

காப்பி பத்து சென்ட் ஏறியிருக்கிறது.