மற்றவை எனில் குறிப்பிடுக

ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் அமுக்கியபடி
பதினைந்து நிமிடம் உட்காரச் சொன்னார்கள்.
சும்மா இருக்கிற நேரம்தானே என்று
ஒரு தாளும் பேனாவும் தந்துவிட்டுப் போனாள்
மதுரையிலிருந்து வந்திருந்த ஆராய்ச்சி மாணவி.
இந்த முடிவை எடுக்க உங்களைத் தூண்டியது எது?
மருத்துவர். பெற்றோர். நண்பர்கள். ஊடகம்.
ஏதேனும் ஒன்றை மட்டும் டிக் செய்யவும்.

மருத்துவர் வந்தார், உண்மை.
காரைக்குடியே காய்ந்து கிடந்த ஆவணி மதியம்
ஸ்லைடு ஸ்லைடாகக் காட்டினார்.
கடைசி பெஞ்சில் நாங்கள்
கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினோம்.
எனக்கு நின்றது ஒரே வார்த்தை:
கருப்பைவாய்.
மறுநாள் விடுதிப் பலகையில்
அந்த வார்த்தை மட்டும் தெரியாதபடி
நோட்டீஸை மடித்துக் குத்தியிருந்தார்கள்.
யாரென்று தெரியாது.
தினமும் நாலு தடவை அதைத் தாண்டிப் போனேன்,
நானும் பிரித்துவிடவில்லை.

ஊடகம் என்றால்
சித்தப்பா அனுப்பிய வாய்ஸ் மெசேஜா?
"போட்டா புள்ள தங்காதாம், எல்லாருக்கும் அனுப்புங்க."
மூன்று குரூப்பில் மூன்று முறை வந்தது.
மூன்றாவது முறை கொஞ்சம் நம்பினேன்.
குரல் அப்படி, செய்தி வாசிக்கிற குரல்.

அடைக்கம்மைக்கு லீவிலேயே போட்டாயிற்று,
அவள் அண்ணி கோயம்புத்தூரில் டாக்டர்.
"எறும்பு கடிச்ச மாதிரி" என்றாள்.
ஸ்கூட்டியிலிருந்து விழுந்து கை முறிந்தபோதும்
அதைத்தான் சொன்னாள்.
ரஹ்மத்நிஷாவுக்கு வேறு பயம்:
"போட்டா, எவன்கூடயோ சுத்துறேன்னு நெனப்பாகளோ?"
யாரும் பதில் சொல்லவில்லை.
மெஸ்ஸில் ரசம் வந்தது.

பொம்பளப் புள்ளைக ஊசி என்று
வகுப்பில் சிரித்த முத்துக்கருப்பன்
ஆம்பளைக்கும் உண்டென்று தெரிந்த சாயங்காலம்
பஸ் ஸ்டாண்டில் தனியாக வந்து கேட்டான்:
"எவ்வளவாம்?"

எவ்வளவு.
அதற்குத் தாளில் கட்டமே இல்லை.
முகாமில் ஒரு தவணை ஆயிரத்தைந்நூறு,
என் வயதுக்கு மூன்று தவணை.
புதுவயல் ரைஸ்மில்லில் அம்மாவுக்கு
நாள் கூலி நானூறு.
நான் பி.காம். இந்தக் கணக்கு எனக்கு வரும்.

போனில் சொன்னபோது மில் ஓடிக்கொண்டிருந்தது.
"கல்யாணம் ஆகாத புள்ளைக்கு அது எதுக்குடி?"
கத்தித்தான் கேட்டாள்.
பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.
வைத்துவிட்டாள்.

இரவு பத்தரைக்கு அவளே கூப்பிட்டாள்.
சன்னமான குரல்,
அப்பா தூங்குகிறார் என்று அர்த்தம்.
"அது எத்தன வயசு வரைக்கும் போடலாம்?"
"ஏம்மா?"
"சும்மாதான்."
சாப்பிட்டியா என்றாள்.
சாப்பிட்டேன் என்றேன்.
அப்புறம் வெகுநேரம்
எங்கள் வீட்டு ஃபேன் சுற்றுவது மட்டும் கேட்டது,
அதே பழைய கிறீச்சோடு.

வெள்ளிக்கிழமை ஜிபேயில் ஒரு ரூபாய் வந்தது.
சரியான நம்பர்தானா என்று
எப்போதும் முதலில் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்ப்பாள்.
அடுத்து ஆயிரத்தைந்நூறு.
குறிப்பில் எழுதியிருந்தாள்:
சுடிதார் துணி.
வங்கிக் கணக்கில் இருப்பது
அப்பாவின் நம்பர்.

பதினைந்து நிமிடம் முடிந்துவிட்டது.
பெற்றோர் என்று டிக் போட்டால் பொய்யில்லை.
ஆனால் அதில் அப்பாவும் வந்துவிடுகிறார்.
தாளின் அடியில்
'மற்றவை எனில் குறிப்பிடுக'.
ஒரு விரல் நீளத்துக்குப் புள்ளிக்கோடு.
சுடிதார் துணி என்று எழுதிக் கொடுத்தேன்.
ஆராய்ச்சி மாணவி இரண்டு முறை படித்தாள்.
நான் பஞ்சை எடுத்து
ரத்தம் நின்றதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக்குப் போகும்போது
அப்பாவிடம் காட்ட ஒரு துணி வேண்டும்,
கல்லுக்கட்டிப் பக்கம் முந்நூறுக்குள் கிடைக்குமா என்று
அடைக்கம்மையைக் கேட்க வேண்டும்.
அம்மாவையும் ஒருநாள் இங்கே கூட்டிவர வேண்டும்.
அவள் வயதுக்கு முதலில் ஒரு பரிசோதனை என்று
நர்ஸ் சொல்கிறார்.
அதற்கு
எந்தத் துணியின் பேரை எழுதுவது?