நாற்பத்தொன்பது அடி

கடலுக்கென்றுதான் கிளம்பினோம்.
சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு கேட்டதற்கு
சூப்பர்வைசர் ஒன்றரை கொடுத்தார்.
ஒன்றரை நாளுக்கு எட்டுகிற கரை எது என்று
பஸ் கம்பியைப் பிடித்தபடி யோசித்த சம்பூரணி
புளியம்பட்டியில் என்னை இறக்கி
வேறு பஸ் ஏற்றினாள்.

பவானிசாகர். வைகாசிக் கடைசி.
மேற்கே மழை இன்னும் பிடிக்கவில்லை.
நீர்மட்டம் நாற்பத்தொன்பது அடி
என்று பேப்பரில் போட்டிருந்தது.

பரிசல்காரர் பொங்கியண்ணன்
ஆளுக்கு இருநூறில் ஆரம்பித்து
நூற்றைம்பதில் நின்றார்.
"நடுவுல உக்காருங்கொ. ஆடுனீங்கன்னா
எனக்குத் தெரியாதுங்."
பரிசல் ஒருமுறை சுழன்று
திசையை மறந்து, பிறகு நினைத்துக்கொண்டது.

தண்ணீர் விட்டுப்போன சேற்றில்
கோயில் நின்றது.
சுற்றிலும் கோட்டைச் சுவரின் மிச்சம்,
தூணெல்லாம் கோடுகோடாய்ப் பாசி.
எவனோ தளபதி கட்டினானாம்.
எழுத்தின் மேல் நத்தை ஒட்டியிருந்ததால்
பேர் பாதிதான் படிக்க முடிந்தது.
காலர் தையலைச் சோதிப்பதுபோல்
கல்லின் இணைப்பில் விரலை ஓட்டிய சம்பூரணி
"எங்கயும் பிசிறில்ல" என்றாள்.

கருவறையில் சாமி இல்லை.
"அணை கட்டயிலயே மேட்டுக்குக் குடிபோயிட்டாருங்."
பீடத்தடியில்
நீர்நாயின் எச்சம்,
மீன்செதில் மினுங்க,
அன்றைய பூசைபோல
ஈரம் காயாமல்.

திரும்புகையில் துடுப்பு நின்றது.
எதிர்க்கரையில் யானைகள்.
ஏழென்று நான் எண்ணி முடிப்பதற்குள்
ஒன்றின் காலிடுக்கிலிருந்து எட்டாவது வந்தது.
காற்று எங்கள் பக்கம்.
அவை உறிஞ்சுகிற சத்தம்
தண்ணீர்மேல் நடந்து வந்து
பரிசலின் தோலில் தட்டியது.
பொங்கியண்ணன் பீடியை
பற்றவைக்காமல் காதில் செருகினார்.

"கடலும் இப்படித்தான் இருக்குமாக்கா?"
சம்பூரணி காதோடு கேட்டாள்.
ஹாஸ்டலில் சேர்ந்த புதிதில்
ராமேஸ்வரம் போயிருக்கிறேன் என்று
சும்மா சொல்லிவைத்திருந்தேன்.
"இதேதான்" என்றேன்.
"என்ன, கொஞ்சம் உப்பு."

ஆடியில் ஒருநாள்
ஐம்பது மெஷின் இரைச்சலுக்கு நடுவே
டீ பொட்டலம் கட்டிவந்த பேப்பரைப் பிரித்து
நீவிவிட்டுப் படித்தாள்.
நாலு வரிசை தள்ளியிருந்த என்னைக் கைதட்டிக் கூப்பிட்டு
உள்ளங்கையைக் கவிழ்த்து
இடுப்பளவு காட்டினாள்,
கழுத்தளவு,
பிறகு குதிகாலில் எம்பி
தலைக்கு மேலே.