வருகைப் பதிவேடு

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில்
ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
கிரீஸ் வாசனை இரண்டாம் மாடி வரை கூடவே வந்தது.
பெயர்ப்பலகையில் ஐந்து ஆடிட்டர்கள்.
மூன்று பெயர்களில் பெயின்ட் உரிந்திருந்தது.
இவர்கள் உயிரோடு இருக்கிறார்களா
என்று கேட்கத் தோன்றியது.
நேர்காணலுக்குப் போனவள்
முதலில் கேட்கும் கேள்வி அதுவல்ல.

உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன்.
இன்டர் இரண்டு குரூப்பும் பாஸ்,
ஆடிட்டிங்கில் அறுபத்தெட்டு.
அந்த அறுபத்தெட்டை வைத்துக்கொண்டு
அந்த ஹாலைத் தணிக்கை செய்யத் தொடங்கினேன்.

நவம்பர் பிறந்து பன்னிரண்டு நாள்.
சுவர்க் காலண்டரில் இன்னும் செப்டம்பர்.
டேக்ஸ் ஆடிட் கெடு முடிந்த இரவு
அதைக் கிழிக்க யாருக்கும் கை வரவில்லை போல.
மேசைக்கடியில் சுருட்டிய பாய்,
பாய்க்குள் செருகிய டூத் பிரஷ்.
ஏழு பையன்கள், இரண்டு பெண்கள்.
எல்லோர் முகத்திலும் முதல் வருடம்.
மூன்றாம் வருடம் எங்கே போனது?

கிருபாகரன் சார் உள்ளே கூப்பிட்டார்.
மார்க்கைப் பார்க்கவில்லை.
வீடு எங்கே என்றார். வியாசர்பாடி.
ராத்திரி கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றார்.
"இங்க எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரிம்மா."

எங்கள் வீட்டிலும் குடும்பம்தான்.
அங்கே சம்பளம் கிடையாது, லீவு கிடையாது.
அம்மாவைக் கேட்டால் தெரியும்.

"ஸ்டைபண்ட் மாசாமாசம் பேங்க்ல போட்டுடுவோம்,
அப்புறம் நீ போய் எடுத்து..."
வாக்கியத்தை அங்கேயே விட்டார்.
அந்த இடைவெளியில் ஒரு ஏடிஎம் நின்றிருந்தது.

பரீட்சை லீவு என்று ஆரம்பித்தேன்.
சிரித்தார்.
"ஒரிஜினல் மார்க் ஷீட் இங்கேயே இருக்கட்டும்,
பத்திரமா இருக்கும்."
பிளாஸ்டிக் கவரை என் கை
என்னைக் கேட்காமலே மடிக்கு இழுத்துக்கொண்டது.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
யோசிக்க என்ன இருக்கிறது என்றார்.
நியாயம்தான்.
பதினோரு மெயிலுக்கு வந்த ஒரே பதில் அவருடையது.

வெளியே தண்ணீர் கொண்டுவந்தவனும் ஆர்ட்டிகிள்தான்.
ஜெனிஷ், நாரோயில்.
டம்ளரை வைத்துவிட்டு
விட்ட இடத்தில் தொடர்ந்தான்:
வருகைப் பதிவேட்டில் கையெழுத்து.
முதல் வரி நீலம். சாய்ந்த எழுத்து.
அடுத்தது கறுப்பு, கீழே இரண்டு புள்ளி.
மூன்றாவதற்கு ஜெல் பேனா.
நான்காவதற்கு இடது கை.

இவங்கல்லாம்?
"வரமாட்டாங்க. பேர் மட்டும் வரும்.
கோச்சிங்ல இருக்காங்க, ஒருத்தன் துபாய்ல."
ஐந்தாவது பேனா எழுதவில்லை.
உதறினான், ஊதினான், உள்ளங்கையில் கிறுக்கினான்.
"உங்ககிட்ட இருக்கா?"
கொடுத்தேன்.

"சேரப் போறீங்களா?"
தலையை ஆட்டினேன்,
எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை.
அவன் பதிவேட்டை விட்டு நிமிராமல் சொன்னான்:
"சார் இப்ப போன்ல இருக்காரு.
படி அந்தப் பக்கம்."

எல்ஐசி ஸ்டாப்பில் அப்பா கூப்பிட்டார்.
கிடைச்சுதா?
என்ன சொல்வதென்று தெரியாமல்
பெயர்ப்பலகையில் பெயின்ட் உரிந்திருப்பதைச் சொன்னேன்.
பெரம்பூரில் இருபத்தாறு வருடம்
ரயில்பெட்டிக்கு பெயின்ட் அடிப்பவர்.
"பொடியா உதிருதா, பாளம் பாளமாவா?"
பாளமாத்தான்.
"அப்ப அடியில துருவு. வீட்டுக்கு வா."

பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் கிடைத்து,
பதினோரு பெயரில் ஒன்றை அடிக்கலாமென்று
பைக்குள் கைவிட்ட போதுதான் தெரிந்தது.

நாளை காலை ஒன்பதரைக்கு,
துபாயில் தூங்கிக்கொண்டிருக்கும் ஒருவனுக்காக,
அந்த மூன்றாம் மாடிக்கு
என் பேனா
வேலைக்கு வந்திருக்கும்.