சமையலறை வரவில்லை

பூர்க்டோர்ஃபில் மழை.
நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர்,
ஆசிரியை ஒருத்தி,
துணைக்குப் போன தகப்பன் நான்.
இரவு இரண்டு மணிக்குத்தான்
உணவகத்தின் கடைசிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன்.
கையில் இன்னும் எலுமிச்சைச் சவர்க்கார வாசம்.
ஆரபி என்னைத் தெரியாதவள் போல
முன் வரிசையில் நடக்கிறாள்.

பான் குடும்பத்து மாளிகை.
சீனத்தில் ஏதோ ஓர் ஆற்றோரம்
தேயிலை விற்ற காசில் எழும்பியது.
இருநூற்றுப் பத்து வருடம் நின்ற பிறகு
பிரித்து, எண் போட்டு,
பத்தொன்பது பெட்டகங்களில் கப்பலேற்றி,
எம்மெ ஆற்றுத் தச்சர்கள்
இங்கே கோத்து நிறுத்தினார்களாம்.
அண்ணாந்து பார்த்தால்
உத்தரத்தின் வயிற்றில் வெள்ளை எழுத்து:
மே. 3, வ. 17.
சந்தை மாட்டுக்குக் குறி சுட்ட மாதிரி.

வழிகாட்டி ஆம்ஷ்டுட்ஸ் நல்ல மனிதர்.
வாசற்படி முழங்கால் உயரம்,
மிதிக்கக் கூடாது, தாண்ட வேண்டும் என்றார்.
நாற்பத்து நான்கு கால்கள் தாண்டின.
லுவான் மட்டும் இரண்டு தரம்.

உள்ளே வானம் திறந்த முற்றம்.
நான்கு கூரைத் தண்ணீரும் நடுவில்தான் விழும்;
செல்வம் வெளியே ஓடிவிடக் கூடாதென்று
கட்டியவர்களின் கணக்கு.
பேர்ன் மாநிலத்து மழை
அதே ஒழுங்கில் விழுந்துகொண்டிருந்தது,
யாருடைய செல்வமென்று கேளாமல்.

பின்னால் தோட்டம்.
கொக்குக்குப் பயந்து குளத்துக்கு வலை.
வலைக்கடியில் செங்கெண்டைகள்
வாயைத் திறப்பதும் மூடுவதுமாய்.
ஏரியடிப் பாறை கிடைக்கவில்லை,
ஜூரா மலைச் சுண்ணாம்புக் கல்லைத்தான் நட்டோம்
என்று ஆம்ஷ்டுட்ஸ் மறைக்காமல் சொன்னார்.
பாலத்துக்கு ஒன்பது திருப்பம்.
பேய்க்கு நேராக மட்டுமே நடக்கத் தெரியுமாம்.
பிள்ளைகள் ஒன்பதிலும் இடித்துக்கொண்டார்கள்.

அங்கேதான் லுவான் கேட்டான்:
"இவர்கள் எங்கே சமைத்தார்கள்?"

ஆம்ஷ்டுட்ஸ் தாள்களைப் புரட்டினார்.
முன்னோர் கூடம் உண்டு.
மணப்பெண் அறை உண்டு.
கணக்கறையில் மணிச்சட்டம்கூட உண்டு.
சமையலறை...
புகை பிடித்த செங்கல், பிற்காலச் சேர்க்கை,
வரலாற்று மதிப்புக் குறைவு.
அது வரவில்லை.

பத்தொன்பது வருடம்
சமையலறையிலேயே நிற்கிறவன் நான்.
வாயைத் திறக்கவில்லை.

"வெளியே" என்றது ஒரு குரல்.
நுழைவுச்சீட்டு வரிசையில்
எனக்கு முன்னால் நின்ற பெண்.
பதினெட்டு ஃபிராங்க் கொடுத்து
மீதிச் சில்லறையை இரண்டு தரம் எண்ணியவள்.
நனைந்த மேலங்கியில் ஒட்டிய சீட்டு
ஓரம் சுருண்டிருந்தது.
என்னுடையதைப் போலவே
முடிச்சு முடிச்சான ஜெர்மனில் சொன்னாள்:
"நான் பான். எட்டு வயது வரை
அதில்தான் சாப்பிட்டேன்."

ஆம்ஷ்டுட்ஸ் தொப்பியைக் கழற்றினார்,
பிறகு ஏனோ மீண்டும் போட்டுக்கொண்டார்.
சீட்டுக் காசைத் திருப்பித் தரலாமா என்று கேட்டார்.
வேண்டாம் என்றாள்.
வீடு இப்படி நின்றால்
சமையலறை அப்படி நிற்கும் என்று
மேற்கு வாசலால் இறங்கி
அடி வைத்து எண்ணிக்கொண்டு போனாள்.
பதினோராவது அடியில் கார் நிறுத்துமிடம்.
பதினான்காம் கட்டத்தில் ஒரு சாம்பல் ஸ்கோடா.

"அடுப்பு" என்றாள்.

எனக்குத் தோன்றியது ஒன்றைத்தான் கேட்டேன்:
"புகை எந்தப் பக்கம் போனது?"
அவள் திரும்பி என்னை முதல்முறை பார்த்தாள்.
இதுவரை யாரும் கேட்கவில்லை போலும்.
குப்பைத் தொட்டிகளின் பக்கம் கை நீட்டினாள்.
பெரிய சட்டி இரண்டு, சின்னது ஒன்று,
விறகு இடப்பக்கம்,
மேலே அடுப்புத் தெய்வத்தின் தாள்,
எண்ணெய் பிசுக்கேறி முகமே தெரியாதது.
இடப்பக்கமா, கை சுடுமே என்றேன்.
சட்டைக் கையை மடித்து
மணிக்கட்டில் ஒரு பழைய வெள்ளைத் தழும்பைக் காட்டினாள்.
நான் என்னுடைய மூன்றைக் காட்டினேன்.

பிள்ளைகள் அங்கேயே பையைத் திறந்து
ரொட்டி தின்னத் தொடங்கிவிட்டார்கள்.
இல்லாத வாசற்படியை
லுவான் காலைத் தூக்கித் தாண்டினான்.
அவனைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர்.

ஸ்கோடாக்காரர் வந்தார்,
சாவியை ஆட்டிக்கொண்டு.
மன்னிக்கவும், கொஞ்சம் விலக முடியுமா?
விலகினோம்.
பார்த்து எடுங்கோ, அடுப்பு சுடும்,
என்றேன் தமிழில்.

அந்த இடத்தில் விளங்கியது ஒருத்திக்குத்தான்.
"அப்பா, சும்மா இருங்கோ" என்றாள்,
வாய் நிறைய ரொட்டியோடு.