நோட்டீசுக்குப் பதில்

நீங்கள் கேட்டிருப்பது ஒரே வரி:
எந்த ஆண்டு முதல் ஆக்கிரமிப்பு?

ஆண்டு தெரியாது.
எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது,
கிளைப்பாதை பிரியும் இடத்தில் வாய்க்கால் இருந்தது,
வாளி சுமக்க அஞ்சலை வந்தாள்,
வயிற்றில் ஆறு மாதம்.
பிறந்தவனை ஜங்ஷன் என்றுதான் கூப்பிட்டார்கள்.
பள்ளிக்கூடத்தில் பக்கிரிசாமி ஆனான்.
முப்பது வருடம் கைகாட்டி இழுத்தது அவன்தான்,
உங்கள் சம்பளத்தில்.

உப்பு வண்டியில் வந்திறங்கிய சௌரியம்மாள்
திரும்பி ஏறவில்லை.
நாகூர்க் கந்தூரிக் கூட்டத்துக்கு டீ விற்க
மூன்று நாளைக்கென்று காசிம் ராவுத்தர் போட்ட அடுப்பு
இன்றைக்கும் எரிகிறது.

எங்கள் தரை எஞ்சின் சாம்பல்.
வாசல் நிலை உங்கள் பழைய ஸ்லீப்பர் கட்டை.
புயல் வருடம் தண்டவாளம் தண்ணீருக்குள் கிடந்தபோது
ஐந்து பெட்டி ஜனம் நான்கு நாள்
எங்கள் சோற்றைத் தின்றது.
பில் அனுப்பவில்லை.

பிறகு மீட்டர்கேஜைப் பெயர்த்துக்கொண்டு போனீர்கள்.
பதினோரு வருடம் ரயில் இல்லை.
நடைமேடையில் குறுவை நெல் காயவைத்தோம்.
அது ஆக்கிரமிப்புதான்,
ஒப்புக்கொள்கிறோம்.

அகலப்பாதை வந்தது. கிளை வரவில்லை.
பலகையில் 'சந்திப்பு' என்ற சொல்லின் மேல்
மஞ்சள் பூசியது பக்கிரிசாமியின் பேரன்,
கூலி நானூறு.
ஒரு கோட்டிங் போதும் என்றார் உங்கள் மேஸ்திரி.
சாய்ந்த வெயிலில் எழுத்து தெரிகிறது,
வந்து பாருங்கள்.

கீழே நாற்பத்திரண்டு கையெழுத்து.
பதினேழாவது, கோணல் எழுத்தில்,
ஜங்ஷன் என்று இருக்கும்.
பிழையில்லை.
ஆள் உயிரோடு இருக்கிறார்.